"ஏறுமா?" என்னும் ஒரேயொரு வினா

ஒரு மதுவைப்பற்றி நம்மவர் கேட்கும் வினா ஒன்றே ஒன்றுதான்: "ஏறுமா?" வெள்ளவத்தையிலும் இதுதான், கொட்டாஞ்சேனையிலும் இதுதான். இலண்டன் ஈஸ்ற்ஹாமிலும் ரொறன்ரோ ஸ்காபரோவிலும் நம்மவர் கூடும் விருந்துகளிலும் இதுதான். என்ன மணம், என்ன சுவை, எதனால் செய்தது என்று கேட்பவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கறியில் உப்பு ஒரு கல் குறைந்தால் முகம் சுளிக்கும் அதே மனிதர், மீன் குழம்பில் கரைத்தது புதுப்புளியா பழம்புளியா என்று ஒரு கவளத்திலேயே சொல்லிவிடும் அதே நாக்கு, கையில் ஒரு கிளாஸ் வந்தவுடன் ஊமையாகிவிடுகிறது. இது ஏன் என்பதே இன்று நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மதுவுக்கு விளம்பரமன்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கியதோடு இந்நாட்டில் மது விளம்பரத்தையும் தடைசெய்தது. அதில் எனக்கு எள்ளளவும் கருத்து வேறுபாடில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளைப் பல்லாண்டு காலம் செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான். கசிப்பு என்ன செய்யும் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குடியாதோர் குடியாமலே இருக்கட்டும். நான் பேசப்போவது குடிப்பதைப்பற்றியன்று. சுவைத்துத் தீர்ப்புச் சொல்வதைப்பற்றி. இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பதே என் வாதம்.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து வந்த உறவுப் பையன் ஒருவன் நான்கு ரின் பியர் கொண்டுவந்தான். "மாமா, இது கிராஃப்ட் பேல் ஏல். சின்ன வடிசாலை ஒன்றில் செய்தது" என்றான். பெயரை விட்டுவிடுவோம். பாமன்கடையில் எங்கள் மாடிவீட்டின் மேல்தளத்தில் வழக்கமாகக் கூடும் ஓய்வுபெற்றோர் சபைக்கு அதில் இரண்டைத் திறந்தோம். வங்கியில் உயர் பதவி வகித்த நண்பர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "தம்பி, இதென்ன வேப்பம்பட்டைக் கசாயமோ? எத்தனை வீதம்?" என்று வினவினார். "ஐந்தரை, அங்கிள்." "ஐந்தரைக்கு ஏன் இவ்வளவு கைப்பு?" என்று கிளாஸை மேசையில் வைத்தவர் பிறகு அதைத் தொடவேயில்லை. தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது! மேன்முறையீட்டுக்கு இடமில்லை.

அந்தப் பானத்தின் சார்பில் அன்று எவரும் வாதாடவில்லை. ஆகவே இங்கே அதன் வழக்கைச் சற்று எடுத்துரைக்கிறேன்.

நம் நாட்டில் பியர் என்றால் லாகர். குளிரில், மெதுவாக, வாரக்கணக்கில் பக்குவப்பட்டு வருவது லாகர். ஏல் என்பது அதற்கு மூத்தது. ஏறத்தாழ இருபது பாகை வெப்பத்தில் விரைவாக நொதிப்பது. அந்த வெப்பத்தில் மதுவம் சர்க்கரையை மதுசாரமாக மாற்றுவதோடு நில்லாமல் பழ வாசனைகளையும் உண்டாக்கிவிடுகிறது. 'பேல்' என்பது வெளிறிய என்று பொருள்படும். முளைகட்டிய வாற்கோதுமையை விறகுப் புகையில் உலர்த்திய காலத்தில் பியரெல்லாம் கறுப்பாகவோ கபிலமாகவோ இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்டுப் புகைநீக்கிய கோக் எரிபொருள் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே வெளிறிய மால்ட் கைகூடிற்று. பெயர் அப்படி வந்தது. உண்மையில் நிறம் வெளிறல் அன்று, வெயிலில் பிடித்த தேன்.

இந்தப் பானத்துக்கும் நம் கடலுக்கும் பழைய தொடர்பு உண்டு. கிழக்கு இலண்டனில் போ என்னுமிடத்தில் ஹொட்சன் குடும்பத்தாரின் வடிசாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் நங்கூரமிடும் பிளாக்வோல் துறை அதற்கு அண்மையிலேயே. கப்பற் தலைவர்களுக்கு நீண்ட தவணைக் கடனில் பியர் கொடுத்தார் ஹொட்சன். அது நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கைந்து மாதம் கடலில் குலுங்கிச் சென்னை, கல்கத்தா, பம்பாய்த் துறைகளில் இறங்கிற்று. அவ்வெக்கைப் பயணத்தில் பியர் கெடாதிருக்க ஹொட்சன் புதிய பானமொன்றைக் கண்டுபிடித்தார் என்றும் அதுவே 'இந்தியா பேல் ஏல்' என்றும் உலகெங்கும் ஒரு கதை உலவுகிறது. போத்தல்களின் முதுகில்கூட அச்சிடுகிறார்கள். மார்ட்டின் கோர்னெல் என்னும் பிரித்தானியப் பத்திரிகையாளர் பழைய விளம்பரங்களையும் பதிவேடுகளையும் துருவி இக்கதையைப் பிரித்துப்போட்டார். கறுத்த போர்ட்டர் பியரும் அதே கப்பல்களில் கெடாமல்தான் போயிற்று. சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதைத்தான். வெளிறிய ஏல் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியது. ஹொட்சன் அனுப்பியது ஏற்கெனவே இங்கிலாந்தில் வழங்கிய, நெடுநாள் வைத்திருந்து குடிக்கும் பியர் வகையொன்றே. கண்டுபிடிப்பு ஏதுமில்லை, கப்பற்றுறைக்குப் பக்கத்தில் இருந்த அதிர்ஷ்டம்தான். (ஒரு பத்திரிகைக்காரன் பழைய பத்திரிகைகளைப் படித்தே ஒரு பெருங்கதையைத் தகர்த்தான் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை வாசகர்கள் பொறுத்தருள்க.)

பின்னர் ஹொட்சன் குடும்பத்தார் பேராசைப்பட்டுக் கம்பனிக்காரரின் பகையைத் தேடிக்கொண்டனர். 1822 அளவில் கம்பனியின் இயக்குநர் ஒருவர் பேர்ட்டன் நகரத்து ஓல்சொப்பிடம் ஹொட்சனின் பியர்ப் போத்தலொன்றைக் கொடுத்து, "இதைப்போல் உம்மால் செய்ய முடியுமா?" என்று கேட்டதாகவும், ஓல்சொப்பின் மால்ட் பணியாளர் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கேத்தலில் வடித்துக் காட்டியதாகவும் சொல்வார்கள். கேத்தல் கதை எப்படியோ, பேர்ட்டன் நகரத்து நீர் உண்மை. அதில் ஜிப்சம் மிகுதி. அந்த நீர் கைப்பை மழுங்கவிடாமல் கூராக நிறுத்துகிறது. பேல் ஏலின் தலைநகராகப் பேர்ட்டன் ஆனது அதனால்தான்.

கைப்பு வருவது ஹொப் என்னும் கொடியின் பூவிலிருந்து. கொதிநீரில் நெடுநேரம் அவிந்தால் கைப்பைத் தரும். கடைசி நிமிடத்தில் இட்டால் மணத்தைத் தரும். நம் சமையலில் தாளிதத்தை முதலில் இடுவதற்கும் கறிவேப்பிலையை இறக்கும்போது இடுவதற்கும் உள்ள வேறுபாடே இது. ஆங்கிலேய ஹொப்பில் மண்வாசமும் உலர்ந்த தேயிலை வாசமும் உண்டு. அமெரிக்கர் 1972இல் வெளியிட்ட காஸ்கேட் என்னும் ஹொப் வகை, பம்பளிமாசுத் தோலை நகத்தால் கீறியதுபோல் மணக்கும். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் சியரா நெவாடா வடிசாலை அந்தக் காஸ்கேட்டைக் கொண்டு வடித்த பேல் ஏல்தான் இன்று உலகம் முழுவதும் 'கிராஃப்ட்' என்று பேசப்படும் அலைக்கு முன்மாதிரி. பெருநிறுவனங்களின் ஒரேமாதிரியான லாகரில் சலித்துப்போன ஒரு தலைமுறை, வீட்டுக் கொல்லையில் வடித்துப் பழகிக் கடைபோட்டது. இன்று அமெரிக்காவில் அத்தகைய சிறு வடிசாலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நமக்கு அண்மையில், பெங்களூரில், 2010இலிருந்தே கடையிலேயே வடித்து விற்கிறார்கள்.

இத்தனை வடிசாலைகள் பெருகியதும் எது நல்லது, எது பரவாயில்லை என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1985இல் பியர் நடுவர்களுக்கான சான்றிதழ்த் திட்டமொன்று தொடங்கிற்று. பரீட்சை எழுத வேண்டும், சுவைத்தும் காட்ட வேண்டும். நடுவர்கள் பயன்படுத்தும் புள்ளித்தாள் ஒரே பக்கம், மொத்தம் 50 புள்ளிகள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பாங்குக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. இத்தாளை முதன்முதலில் பார்த்தபோது என் கண் தேடியது வேறொன்றை. எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை! மாறாக, பேல் ஏலில் மதுசாரத்தின் சூடு தொண்டையில் தெரிந்தால் அது குறையாகவே எழுதப்படும்.

நடுவர் தமக்குப் பிடித்ததா என்று எழுதக்கூடாது. அந்த வகைக்கு வகுத்த இலக்கணத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்றே எழுத வேண்டும். அமெரிக்கப் பேல் ஏலுக்கு மதுசாரம் 4.5 முதல் 6.2 வீதம் வரை. கைப்பு அவர்களுடைய அலகில் 30 முதல் 50 வரை. நிறம் வெளிறிய பொன்னிறத்துக்கும் இலேசான செம்பழுப்புக்கும் இடையில். புள்ளியோடு காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதாத புள்ளிக்கு மதிப்பில்லை. செய்தியையும் கருத்தையும் பிரித்து எழுதுக என்று எங்களுக்குப் பத்திரிகை அலுவலகத்தில் கற்பித்ததை ஒரு பியர் நடுவர் தாளில் காண்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் சான்றிதழ் பெற்ற நடுவனல்லன். ஆயினும் மறுநாள் மாலை, சபை கூடாத வேளையில், மூன்றாவது ரின்னை எடுத்து அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்தேன். இதுதான் முதற் பாடம். நாம் பியரை ஐஸ்கட்டி மிதக்கக் குடிக்கிறோம். கடுங்குளிரில் நாக்கு மரத்துவிடும்; மணம் எழாது. பேல் ஏலுக்கு எட்டுப் பத்துப் பாகை போதும். இரண்டாவது பாடம் 'பைட்' எனப்படும் தொடுகறி. உறைப்பான டெவல் இறைச்சியும் மிளகாய்த்தூள் தூவிய கடலையும் வாயில் இருக்கும்போது எந்த நடுவராலும் எதையும் சொல்ல இயலாது. முதல்நாள் எங்கள் வங்கி நண்பர் கையில் இருந்தது அதுதான்! உறைப்பு கைப்பை இரட்டிப்பாக்கும். வெறும் பாண் துண்டும் பச்சைத் தண்ணீருமே நடுவர் மேசைக்கு உரியவை. மூன்றாவது கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. உள்விளிம்பில் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். கழுவிக் காயவைத்த கிளாஸில் ஊற்றினேன்.

நிறம் இளந்தேன். சற்றே கலங்கல். அது இவ்வகையில் பெருங்குறையன்று. நுரை வெண்மையாக எழுந்து, குடிக்கக் குடிக்க வளையம் வளையமாகக் கிளாஸில் படிந்தது. தோற்றத்துக்கு 3. மணம்தான் சிக்கல். முதலில் தோடம்பழத் தோல், பிறகு நன்கு பழுத்த கறுத்தக்கொழும்பானின் காம்புப் பக்கத்து வாசம், அதற்குப் பின்னால் சாம்பிராணிப் பிசின் போல் ஒன்று. எல்லாம் இருந்தன, ஆனால் அடுத்த அறையில் இருந்தன. ஹொப் மணம் வெப்பத்தில் ஓடிவிடும். ரின்னின் அடியில் அச்சிட்டிருந்த நாளைப் பார்த்தேன். ஐந்து மாதம் முன்பு. அதற்குமேல் விமானப் பெட்டியில் ஒரு பயணம், கொழும்பு வெக்கையில் இரண்டு நாள். ஈரமான காகித அட்டையின் நெடி ஒரு கீற்றாகத் தலைகாட்டிற்று. பியர் பிராணவாயுவோடு சேர்ந்து முதுமையடைவதன் அடையாளம் அது. 7க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

சுவையைப்பற்றி எழுதும்போது நம் மொழியின் ஒரு வசதி கைகொடுத்தது. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பியர் சுவைக்கப் பழகும் மேனாட்டார் தொடக்கத்தில் தடுமாறும் இடமொன்று உண்டு. ஹொப்பினால் வரும் கைப்பையும், தானியத்தின் உமியை மிகையாகக் கழுவிப் பிழிந்ததால் வரும் துவர்ப்பையும் அவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வார்கள். முன்னது குணம், பின்னது குற்றம். அவர்களுடைய சுவைப் பட்டியலில் துவர்ப்பு ஒரு சுவையாகவே இல்லை. வாயை இழுக்கும் ஓர் உணர்வாக வேறொரு நிரலில் எழுதுகிறார்கள். நமக்கோ அறுசுவையில் அது ஒன்று. பாகற்காய் கைக்கும், பச்சைப் பாக்கும் வாழைப்பூவும் துவர்க்கும். இந்த வேறுபாட்டை நம் குழந்தை அடுப்படியிலேயே கற்றுக்கொள்கிறது. எவரும் சான்றிதழ் தருவதில்லை என்பது மட்டுமே குறை. அந்த ரின்னில் கைப்பு நேராக வந்தது; நாக்கின் பின்புறத்தில் சிறிது தங்கிற்று; துவர்ப்பு இல்லவே இல்லை. கைப்புக்கு அடியில் பாணின் கருகிய ஓரம்போல் மால்ட்டின் இனிமை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. சுவைக்கு 13, வாய்ப்பாங்குக்கு 4, ஒட்டுமொத்தத்துக்கு 6. கூட்டினால் 33. அத்தாளின் அளவுகோலில் 30 முதல் 37 வரை 'மிக நன்று'. வடித்த ஊரிலேயே, புதிதாகக் குடித்திருந்தால் நாற்பதைத் தொட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு ரின்னை முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழக்கமாகப் பத்து நிமிட வேலை.

சுவைத்துத் தீர்ப்புச் சொல்வது நமக்குப் புதிது என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. கொழும்பு அத்தொழிலின் உலகத் தலைநகரங்களில் ஒன்று. 1883 முதல் இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. தரகு நிறுவனங்களின் நீண்ட மேசைகளில் வெண்ணிறக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். சுவைப்பவர் ஒரு கரண்டியை ஓசையெழ உறிஞ்சி, வாயெங்கும் சுழற்றி, துப்பிவிட்டு, இரண்டே சொல்லில் தீர்ப்பெழுதி அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். அச்சொல்லால் ஒரு தோட்டத்தின் அவ்வார விலை ஏறும், இறங்கும். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த, சமூகம் மதிக்கும் உத்தியோகம் அது. அக்கொழுந்தைக் கிள்ளிய மலையகப் பெண்ணுக்கு அம்மேசையில் இடம் இருந்ததில்லை. இதை ஒரு பக்கம் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பியரிலும் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. நம்மவரில் பலர் அறியாத பெருமை. மைக்கேல் ஜாக்சன் என்றொரு ஆங்கிலேயப் பத்திரிகையாளர் இருந்தார் (பாடகர் அல்லர், இவருக்கு ஆடவராது). 1942இல் பிறந்து 2007இல் மறைந்தவர். 1977இல் அவர் எழுதிய உலக பியர் வழிகாட்டிதான் பியரை ஊர்வாரியாக, வகைவாரியாகப் பிரித்துப் பேசும் வழக்கத்தை நிலைநாட்டிற்று. இன்றைய நடுவர் தாள்களில் உள்ள வகைப்பாட்டுக்கெல்லாம் அவரே மூலவர். அவர் வியந்து எழுதிய பானங்களில் ஒன்று நம் நுவரெலியா மலையில் வடித்த லயன் ஸ்டவுட். கறுத்து, கொழுத்து, கொக்கோவும் கருப்பட்டிப் பாகும் கலந்தாற்போல் இருக்கும் 8.8 வீதப் பானம். மலையில் இருந்த வடிசாலை பின்னர் பியகமவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் நான் குறிப்பிட்ட அதே அமெரிக்க நடுவர் திட்டத்தின் 2015ஆம் ஆண்டு இலக்கண நூலில் 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்றொரு தனிவகை உண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் சில பியர்களில் லயன் ஸ்டவுட் ஒன்று. அதாவது, உலகின் எந்த மூலையிலோ ஒரு நடுவர் இவ்வகைக்குப் புள்ளி போடும்போது நம் தீவின் பானம் அவருக்கு உரைகல்லாக இருக்கிறது. அதே ஸ்டவுட்டை இங்கே எதற்காக வாங்குகிறார்கள்? உங்களுக்கே தெரியும். ஏறும்!

இதற்கு நாக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. அரசாங்கம் வரிக்காக மதுவை மதுசார வீதத்தால் அளக்கிறது. மதுவரித் திணைக்களத்துக்கு மூக்கு இல்லை. விலை ஏற ஏற, கூலிக்காரன் தன் ரூபாவுக்கு எத்தனை வீதம் கிடைக்கும் என்று கணக்கிடுகிறான். வடிப்பவனும் அக்கணக்குக்கே வடிக்கிறான். லாகரிலும் வலுக்கூடியதுதான் மளமளவென்று போகிறது. அதற்குமேல் வெட்கம். கம்பி வலைக்குப் பின்னால் விற்பவன், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பதை (எங்கள் ஆசிரியத் தலையங்கங்களுக்குக் கிடைத்த மிக நிலையான பயன்பாடு) அக்குளில் செருகிக்கொண்டு விரைகிறவன் ஆற அமரச் சுவைப்பதெப்படி? மறைத்துக் குடிக்க வேண்டியதை மனிதன் விரைந்து குடிக்கிறான். விரைந்து குடிப்பதில் சுவை இல்லை. ஆகவே ஏற்றமாவது இருக்க வேண்டும். மதுவொழிப்பாளர் நண்பர்கள் இந்தச் சங்கிலியைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். வெட்கம் குடியைக் குறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. சுவையைத்தான் குறைத்தது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான். ரொறன்ரோ ரின்னில் இருந்தது 5.5 வீதம். நம் பனங்கள்ளும் கிட்டத்தட்ட அதே வலுவுடையது. பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள மதுவமும் நுண்ணுயிர்களும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் கள்; மறுநாள் வினாகிரி. முட்டியில் சுண்ணாம்பு தடவிவிட்டால் நொதியாது, அது கருப்பணி. மேனாட்டுச் சிறு வடிசாலைக்காரர் இன்று ஆய்வுகூடத்தில் அரும்பாடுபட்டுக் காட்டு மதுவத்தைக் கொண்டு புளித்த ஏல் வடித்து, ஒரு போத்தலுக்கு ஒரு நாட்கூலியை விலையாகக் கேட்கிறார். நம் மரத்தின் உச்சியில் அது இலவசமாக நடக்கிறது.

அந்தக் கள்ளுக்கு நடுவரும் இருந்தார். எந்த மரத்துக் கள் இனிக்கும், எது சீக்கிரம் புளிக்கும், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் என்ன வேறுபாடு, நேற்றைய மழை இன்றைய முட்டியில் எப்படித் தெரியும், முட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் என்ன நெடி வரும் என்பதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தவர் சீவல் தொழிலாளி. பன்னாடையில் வடித்து, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றித் தருவார். பெரிய வீட்டு ஐயாமார் அவரிடம்தான் "இன்றைக்கு எந்த மரம் நல்லம்?" என்று கேட்பார்கள். அவருடைய தீர்ப்பை ஏற்றுக் குடிப்பார்கள். குடித்துவிட்டு, அவரைத் தம் வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்துவார்கள். அவர் சந்தித் தேநீர்க் கடைக்குள் நுழைந்து எல்லோரும் குடிக்கும் கிளாஸில் ஒரு தேநீர் குடிப்பதற்காக, 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் போராட வேண்டியிருந்தது. அவர் ஊற்றிய கள் தீட்டில்லை. அவர் தொட்ட கிளாஸ் தீட்டு. இந்தத் தர்க்கத்தை எந்த நடுவர் தாளில் எழுதுவது?

எனவே, நம்மிடம் சுவைக்கும் மரபு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். மரபு இருந்தது; அதை வைத்திருந்தவரை நாம் மதிக்கவில்லை. அறிவு எந்தச் சாதியிடம் இருந்ததோ அந்தச் சாதியோடு சேர்த்து அறிவையும் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டோம். தேயிலைக்குக் கழுத்துப்பட்டி கட்டிய நடுவர், பியருக்குச் சான்றிதழ் பெற்ற நடுவர். கள்ளுக்கு மட்டும் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரு வேலைக்காரர். கொழுந்து கிள்ளியவளைப் பற்றி மேலே குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

இதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவைத்து, அடை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் மதுவைப் படிப்படியாக விவரிக்கிறது. தானியத்திலிருந்து வடிப்பதால், செய்முறையில் அது பியருக்கு நெருங்கிய உறவு. அந்தப் பிழா என்னும் சொல்லே யாழ்ப்பாணத்துப் பிளாவில் என் காதுக்கு ஒலிக்கிறது. மொழியியலார் மறுத்தால் வாதாடமாட்டேன். தெளிந்ததைத் தேறல் என்றும், பிழிந்ததைப் பிழி என்றும், வீட்டில் அரிசியால் சமைத்ததைத் தோப்பி என்றும் வேறு வேறு பெயரிட்டு வழங்கிய மொழியின் பிள்ளைகள் நாம். நம்மிடம் இன்று எஞ்சியிருப்பது "ஏறுமா?"

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதே குற்றம். அதே மாநிலத்தில் 2003 முதல் அரசே தன் கடைகளில் பிராந்தி விற்கிறது. அதைப்பற்றி அங்குள்ள நண்பர்களே எழுதட்டும். நம் நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1970களில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது, தவறணைகள் நடக்கின்றன, போத்தலில் அடைத்த கள்ளும் வருகிறது. அடைப்பதற்காகச் சூடாக்குவதால் அதன் உயிர் போய்விடுகிறது என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு. காரணமும் எழுதுகிறேன்: நாக்கில் குமிழும் அந்தச் சிறு குத்தல் இல்லை, இனிப்பும் புளிப்பும் சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டன, அவித்த வாசம் எழுகிறது. 50க்கு 22.

ஆகவே சபைக்கும் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கொரு முறை ஒரு கள்ளுப் போட்டி வைக்கலாம். புள்ளித்தாளை அமெரிக்காவிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. முதல் நிரலில் எந்த மரம், இறக்கி எத்தனை மணி நேரம் என்பது. இரண்டாவது தெளிவு. மூன்றாவது மணம்: பாளை மணமா, பழ மணமா, கழுவாத முட்டியின் நெடியா. நான்காவதுக்குப் பாதிப் புள்ளி. இனிப்பும் புளிப்பும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பது. துவர்ப்புக்குத் தனி நிரல் கட்டாயம் வேண்டும். நடுவர் மேசையில் அமர வேண்டியவர்கள் பாளை சீவிய அனுபவம் உள்ளவர்கள். அவர்களுக்கு நடுவர் கட்டணம் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். மாதிரிகளை எண்ணிட்டு எடுத்து வைப்பது, காரணங்களை அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்வது ஆகிய வேலைகளுக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளை அழைக்கலாம். அகராதியில் இல்லாத சொற்கள் நிறையக் கிடைக்கும். பிளாதான் பாத்திரம், ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப் பிளா. மூன்று மிடறுக்கு மேல் எவருக்கும் இல்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முட்டியில் இருப்பது வேறொரு பானம்.